அட்டை, பெட்டி, கணக்கு: ஆரணிப் பட்டு நெசவில் தானியக்கத்தின் வரலாறு

ஒரு தொழிலில் மனிதர் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையொன்றை, முன்கூட்டியே வகுத்துவைத்த ஒழுங்கின்படி ஒரு கருவி தானே செய்துமுடிக்குமாறு அமைப்பது தானியக்கம் எனப்படும். அத்தகைய வேலைகள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஒரு வரிசையில் மாறிச் செல்லும் தொடரைப் பணியோட்டம் என்பர். இவ்விரு சொற்களும் கணினியையும் அலுவலகத்தையும் சார்ந்தவையாக இன்று வழங்கினாலும், அவை குறிக்கும் நடைமுறை பட்டுத்தறிக்குப் புதியதன்று. எழுதிவைத்த ஆணையைப் படித்து அதன்படி இயங்கிய முதற்கருவிகளுள் ஒன்று பட்டு நெசவின் தேவைக்காகவே உருவானது. அக்கருவி தமிழகத்து நெசவூர்களுக்கு வந்து சேர்ந்து, அங்கே முன்னரே நிலவிய வேலைப் பகுப்போடும் கடன் உறவுகளோடும் கலந்து, இன்று கணினி வடிவம் எடுத்திருக்கும் நெடிய வரலாற்றைத் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியில் தெளிவாகக் காணலாம். ஒரு வேலை எவ்வளவு துல்லியமாகப் பிரித்து வகுக்கப்பட்டிருந்ததோ அந்த அளவுக்கு அது எளிதாகக் கருவியிடம் சென்றது என்பதும், அதனால் விளைந்த ஆதாயம் யாரைச் சேர்ந்தது என்பதை நூலும் வடிவமும் கணக்கும் யார் கையில் இருந்தன என்பதே முடிவுசெய்தது என்பதும் இவ்வரலாறு உணர்த்தும் இரு உண்மைகளாகும்.

ஊரும் துணியும்

கமண்டல நாகநதியின் கரையில், வேலூருக்குத் தெற்கே, காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ஆரணி, மராத்தியர் தமிழகத்தில் காலூன்றிய 17ஆம் நூற்றாண்டில் ஒரு ஜாகீரின் தலைமையிடமாயிற்று. ஜாகீர் என்பது படைப்பணிக்கோ ஆட்சிப்பணிக்கோ ஈடாக ஒருவருக்கு விடப்பட்ட, வரி தண்டும் உரிமையோடு கூடிய நிலப்பகுதி. 1751இல் ராபர்ட் கிளைவ் இவ்வூரருகே போரிட்டதும், 1782இல் மைசூரின் ஐதர் அலியின் படையும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையும் இங்கு மோதியதும், ஆர்க்காட்டுக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட இக்கோட்டையூரின் முக்கியத்துவத்தைக் காட்டும். அரண்மனையும் படையும் கோயில்களும் நெருங்கியிருந்த வட்டாரத்தில் நயமான துணிக்கு வாங்குவோர் இருந்தனர். ஆற்றுநீர்ப் பாசனத்தில் விளைந்த நெல் நெசவுக் குடும்பங்களுக்கு உணவளித்தது. நெல்லும் நெசவும் ஒன்றையொன்று தாங்கிய இந்நிலை, அரிசி ஆலைகளும் பட்டுத்தறிகளும் அருகருகே இயங்கும் ஊராக ஆரணியை இன்றுவரை வைத்திருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் ஆரணியின் பெயரை வெளியுலகுக்குக் கொண்டுசென்ற துணி பட்டு அன்று. மஸ்லின் எனப்படும் மிக மெல்லிய பருத்தித் துணியே சென்னை மாகாணத்தின் சிறந்த நெசவுகளுள் ஒன்றாக ஆரணியின் பெயரோடு ஆங்கிலேயர் எழுத்துகளில் இடம்பெற்றது. இங்கிலாந்து ஆலைத்துணியின் வரவால் நயமான பருத்திக்கான சந்தை சுருங்கியபின், ஆலைகளால் எளிதில் பின்பற்ற இயலாத பட்டும் ஜரிகையும் நெசவாளருக்குப் புகலாயின. 20ஆம் நூற்றாண்டில் ஆரணியும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு முதலிய சுற்றூர்களும் பட்டு நெசவு வட்டாரமாக வளர்ந்தன. செங்குந்தர், சௌராட்டிரர் முதலிய நெசவுச் சமூகத்தாரோடு தொடங்கிய இத்தொழிலுக்குள், தறி கிராமங்களுக்குப் பரவியபின், வேளாண் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் வந்தனர். காஞ்சிபுரத்துச் சேலையைவிட எடை குறைந்ததும் விலை குறைந்ததுமான பட்டு என்ற இடத்தை ஆரணிச் சேலை பிடித்தது. 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் கீழ் ‘ஆரணிப் பட்டு’ பின்னர்ப் பதிவும் பெற்றது.

இவ்வூரின் பொருளாதாரத்தைப் பற்றி இந்தியாவின் மற்றச் சிறு நகரங்களுக்கு அரிதாகவே வாய்த்த ஆய்வுச் செல்வம் ஒன்று உண்டு. வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் பசுமைப் புரட்சியின் விளைவுகளை ஆராய 1970களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த குழுவைச் சேர்ந்த பார்பரா ஹாரிஸ்-வைட், அதன்பின் சுமார் 40 ஆண்டுகள் ஆரணியின் வணிக நிறுவனங்களை மீண்டும் மீண்டும் ஆராய்ந்தார். அவர் தொகுத்து 2016இல் வெளியான நூல் அந்நீண்ட உழைப்பின் திரட்டாகும். பெரிய ஆலைகள் இல்லாமல், குடும்பங்கள் நடத்தும் எண்ணற்ற சிறு நிறுவனங்களால் ஒரு நகரம் எவ்வாறு வளர்கிறது என்பதற்கு ஆரணி அவ்வாய்வுகளில் சான்றாயிற்று. தானியக்கத்தின் வரலாற்றுக்கும் இக்கண்ணோட்டம் இன்றியமையாதது. ஏனெனில் இங்குக் கருவிகள் ஒரே கூரையின் கீழ் ஒரே முதலாளியின் முடிவால் வரவில்லை. தனித்தனி வீடுகளில் பரந்துகிடந்த பணியோட்டத்தின் தனித்தனிக் கண்ணிகளில், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு காரணங்களால் வந்தன.

சேலை கடந்துவரும் கைகள்

ஒரு பட்டுச்சேலை உருவாகும் வரிசையை அறிந்தாலன்றிக் கருவி எங்கு நுழைந்தது என்பது விளங்காது. பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வரும் கச்சாப் பட்டு இழை முதலில் முறுக்கேற்றப்படுகிறது. பின்பு பசை நீக்கிச் சாயம் தோய்க்கப்படுகிறது. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைத்தொகுதியாகிய பாவு, தேவையான நீளத்துக்கும் இழை எண்ணிக்கைக்கும் ஏற்ப ஓட்டப்படுகிறது. குறுக்கே ஓடும் ஊடை இழை, அதைப் பாவினூடே கொண்டுசெல்லும் நாடாவுக்குள் வைக்கும் சிறு குழலாகிய தாரில் சுற்றப்படுகிறது. புதிய பாவின் ஒவ்வோர் இழையும் தறியிலுள்ள பழைய பாவின் இழை முனையோடு விரலால் முறுக்கிப் பிணைக்கப்படுகிறது. ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலைகள் நெய்யப்படும். நெய்தபின் சேலை மடித்து எடைபோடப்பட்டு, குறை நீக்கி, கடைக்குச் செல்கிறது. இவ்வேலைகளில் முறுக்கும் சாயமும் பட்டறைகளில் நடக்கும். தார் சுற்றுவதும் பாவுக்குத் துணைநிற்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களாலும் முதியோராலும் செய்யப்படும். அவர்களுடைய உழைப்புக்குத் தனிக்கூலி கணக்கிடப்படுவது அரிது.

சிதறிக்கிடக்கும் இவ்வேலைகளை ஒரு வரிசையில் கோப்பவர் மாஸ்டர் வீவர் என்று ஊரில் அழைக்கப்படும் பட்டு முதலாளி ஆவார். பாவையும் ஊடையையும் ஜரிகையையும் அவர் எடைபோட்டுத் தருகிறார். தறி நெசவாளர் வீட்டில் இருக்கிறது. முடிந்த சேலை எடையோடு திரும்பி வரும்போது, கொடுத்த பொருளுக்கும் வந்த துணிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் வழக்கமான கழிவு போக மிஞ்சிய குறை, கூலியில் பிடிக்கப்படுகிறது. ஜரிகை ‘மார்க்கு’ என்னும் தனி அளவால், அதாவது ஏறத்தாழ 240 கிராம் கொண்ட அலகால், கணக்கிடப்படும் வழக்கம், விலையுயர்ந்த பொருள் ஒரு கிராமும் சிந்தாமல் கண்காணிக்கப்பட்டதைக் காட்டும். நெசவாளர் முதலாளியிடம் பெற்ற முன்பணம் இதே ஏட்டில் பற்றாக எழுதப்பட்டு, தறிமாறிப் போக இயலாதவாறு அவரைப் பிணைத்தது. ஆகவே எந்த இயந்திரமும் வருவதற்கு முன்பே, யார் எதை, எந்த அளவில், எந்த வரிசையில் செய்யவேண்டும் என்பதை வகுத்து, ஒவ்வொரு கட்டத்தின் வரவையும் செலவையும் பதிந்துவைக்கும் முழுமையான பணியோட்டம் ஆரணியில் இயங்கியது. அதன் கட்டுப்பாட்டு மையம் தறியில் இல்லாமல் முதலாளியின் கணக்கு ஏட்டில் இருந்தது.

அடையிலிருந்து அட்டைக்கு

நெசவின் அடிப்படை அசைவுகள் மூன்று: பாவிழைகளில் சிலவற்றை மேலே தூக்கி நாடா செல்ல வழி திறப்பது, அவ்வழியே நாடாவை வீசுவது, வீசிய ஊடையைப் பண்ணை என்னும் சீப்பு போன்ற சட்டத்தால் அடித்து நெருக்குவது. வெற்றுத் துணியில் தூக்கவேண்டிய இழைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி வருவதால் இரு மிதிகட்டைகள் போதும்; கரையில் யாளியோ அன்னமோ உருத்திராட்சமோ வரவேண்டுமானால், ஒவ்வோர் ஊடைக்கும் தூக்கவேண்டிய இழைகளின் சேர்க்கை வேறுபடும். காஞ்சிபுர மரபைச் சேர்ந்த தறிகளில் இச்சேர்க்கைகளை ‘அடை’ என்னும் நூற்கட்டு நினைவில் வைத்திருந்தது: ஒவ்வோர் ஊடைக்கும் உரிய பாவிழைகளைக் கட்டிய நூல்கள் வரிசையாகத் தொங்க, துணையாள் ஒருவர், பெரும்பாலும் சிறுவர், உரிய நூலை உரிய நேரத்தில் இழுத்துப் பிடிப்பார், நெசவாளர் நாடாவை வீசுவார். வடிவத்தைத் தாங்கிய அறிவு அடையைக் கட்டிய வல்லுநரிடம் இருந்தது. அதை ஊடைக்கு ஊடை செயலாக்கிய உடலுழைப்பு சிறுவரிடம் இருந்தது.

பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டுத்தறியிலும் இதே நிலை நிலவியது. அங்கும் நூலிழுக்கும் சிறுவர்கள் தறியின் பகுதியாகவே இருந்தனர். 1725இல் பசில் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளாலும், 1728இல் ழான்-பத்தீஸ்த் பால்கோன் கோத்த அட்டைகளாலும், 1745இல் ழாக் தெ வோக்கன்சோன் தானே இயங்கும் பொறியமைப்பாலும் அவ்வேலையை நீக்க முயன்றனர். அம்முயற்சிகளை ஒருங்கிணைத்து ழோசப் மரி ழக்கார் 1804இல் நடைமுறைக்கு உகந்த கருவியை அமைத்தார். தமிழகத்தில் ஜக்கார்டு என்றும், நெசவாளர் வழக்கில் ‘பெட்டி’ என்றும் பெயர்பெற்ற இக்கருவி தறிக்கு மேலே அமர்கிறது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை என்ற கணக்கில் கோத்த அட்டைகள் அதன் முகத்தில் சுழல்கின்றன. அட்டையில் துளை உள்ள இடத்தில் கொக்கி தன் நிலையில் நின்று, மிதியை அழுத்தும்போது தனக்குரிய இழைகளைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் கொக்கி தள்ளப்பட்டு இழைகள் கீழேயே தங்குகின்றன. 240 கொக்கிப் பெட்டியில் ஒவ்வோர் அட்டையும் 240 வினாக்களுக்கு ‘தூக்கு’ அல்லது ‘விடு’ என்று விடை சொல்கிறது. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1830களில் தம் கணக்கிடும் பொறிக்கு இவ்வட்டைகளையே எடுத்துக்கொள்ள எண்ணியதும், 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் துளையட்டைகளைப் பயன்படுத்தியதும், அலுவலகத் தானியக்கத்துக்கும் பட்டுத்தறிக்கும் உள்ள உறவைக் காட்டுவன.

இக்கருவி தென்னிந்தியக் கைத்தறிக்கு வந்த பாதை நேரானது அன்று. நாடாவைக் கயிற்றிழுப்பால் ஓடவிடும் விசைநாடா முறை, ஆங்கிலேய அலுவலர் ஆல்பிரட் சாட்டர்டனின் முயற்சியால் 1906ஆம் ஆண்டளவில் சேலத்தில் அரசு தொடங்கிய நெசவுக்கூடம் போன்றவற்றின் வாயிலாகப் பருத்தி நெசவில் பரவியது. ஒரு கூடத்தில், குறித்த நேரத்தில், ஒருவர் மேற்பார்வையில் வேலை செய்வது வீட்டுத்தறிக்குப் பழகிய நெசவாளர்க்கு ஒவ்வவில்லை; கருவி ஏற்கப்பட்டது, கூடம் ஏற்கப்படவில்லை. விடுதலைக்குப் பின், 1956 முதல் அமைந்த நெசவாளர் சேவை மையங்களும், 1960இல் சேலத்தில் தொடங்கிய கைத்தறித் தொழில்நுட்பப் பயிற்சி நிலையமும், கூட்டுறவுச் சங்கங்களும் ஜக்கார்டு பெட்டிகளைப் பரப்பின. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டுச்சேலைக் கரைகளில் அடை படிப்படியாக மறைந்து பெட்டி நிலைபெற்றது.

பெட்டியின் வரவால் பணியோட்டம் புதிய வகையில் பிரிந்தது. வடிவம் முதலில் கட்டத்தாளில் வரையப்பட்டது. ஒரு கட்டம் ஒரு கொக்கியையும் ஓர் ஊடையையும் குறித்தது. அத்தாளைப் பார்த்து அட்டையில் துளையிடுவது தனித்தொழிலாயிற்று. அட்டைகளைக் கோப்பதும் பெட்டியைப் பழுதுபார்ப்பதும் வேறு கைகளுக்குச் சென்றன. அடையைப் பிரித்துக் கட்டுவதற்கு நெடுநாள் பிடித்த நிலை மாறி, அட்டைத் தொகுதியைக் கழற்றி மாட்டினாலே புதிய கரை கிடைத்தது. சந்தை விரும்பும் வடிவத்தை விரைந்து மாற்ற முடிந்ததால் பலவகைக் கரைகளையும், புட்டா எனப்படும் சிறு பூவடிவங்களையும் ஆரணியால் குறைந்த விலையில் தர இயன்றது. அதே வேளையில் வடிவத்தை வைத்திருந்த உரிமையும் இடம் மாறியது: அடை, தறியோடும் அதைக் கட்டிய வல்லுநரோடும் பிணைந்திருந்தது; அட்டைத் தொகுதியை விலைகொடுத்துச் செய்வித்த முதலாளி, அதைத் தம் உடைமையாக ஒரு தறியிலிருந்து இன்னொரு தறிக்கு அனுப்ப முடிந்தது.

மூன்றாவது நாடா

சிறுவர் உழைப்பை நீக்குவதற்காக லியோனில் பிறந்த கருவி, தமிழகத்தில் அவ்வுழைப்பை முற்றாக நீக்கவில்லை. இதற்குக் காரணம் கோர்வை என்னும் நெசவு முறையாகும். சேலையின் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும், ஒன்றோடொன்று கலவாமல் இருக்கவேண்டுமானால், உடலுக்கு ஒன்றும் இரு கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்குமிடத்தில் ஒவ்வொரு முறையும் பின்னிக்கொள்ள வேண்டும். நெசவாளரால் இரு நாடாக்களைக் கையாள முடியும். எதிர்ப்பக்கக் கரையின் மூன்றாவது நாடாவை வீசத் துணையாள் தேவை. பெட்டி வந்தபின் நூலிழுப்பதிலிருந்து விடுபட்ட சிறுவர், கரைநாடா வீசும் இடத்திலேயே தொடர்ந்தனர். முன்பணத்துக்கு ஈடாகக் குழந்தைகளைத் துணைவேலைக்கு விடும் வழக்கம், 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கும் 1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கும் பின்னரும் பட்டு நெசவில் நீடித்ததை 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் காஞ்சிபுரம் உள்ளிட்ட பட்டு மையங்களை முன்வைத்து வெளியிட்ட அறிக்கை விரிவாகப் பதிந்தது.

அவ்வழக்கம் தளர்ந்ததற்குப் பள்ளிக் கல்வியின் பரவல், சட்டக் கண்காணிப்பு, பெற்றோரின் விருப்ப மாற்றம் ஆகியவற்றின் பங்கு கருவியின் பங்கைவிடப் பெரிது. சிறுவர் கிடைக்காத நிலை வந்தபோது, நெசவாளரின் மனைவியர் துணையிடத்துக்கு வந்தனர். கோர்வையைத் தவிர்த்து ஒரே நாடாவில் நெய்யத்தக்க சேலை வகைகளும் பெருகின. இங்குப் பொருளின் வடிவமே வேலையாளின் பற்றாக்குறைக்கு ஏற்ப மாறியது. ஒரு வேலையைக் கருவியிடம் ஒப்படைக்க இயலாதபோது, அவ்வேலை தேவைப்படாத பொருளைச் செய்வதும் தொழில் கைக்கொள்ளும் வழியே என்பதை இம்மாற்றம் காட்டுகிறது.

பாவும் முறுக்கும்

நெசவுக்கு முந்திய வேலைகளில் கருவியின் நுழைவு விரைவாகவும் ஓசையின்றியும் நடந்தது. தெருவோரம் முளைகள் நட்டு, விடியற்காலையில் பாவை நீட்டிச் சீர்செய்யும் வழக்கம், பாவு ஓட்டும் உருளை இயந்திரங்கள் பரவியபின் சுருங்கியது. பட்டு முறுக்குவது மின்விசையால் இயங்கும் பட்டறைகளுக்கு முழுமையாகச் சென்றது. தார் சுற்றும் கைராட்டையில் சிறு மின்மோட்டார் பொருத்தப்பட்டது. இவை நெசவுக்குள் வராமல் அதற்கு முன்பே முடிந்துவிடும் வேலைகளாதலால், சேலையின் கைத்தறித் தன்மையைப் பற்றிய வினா எழவில்லை. ஆயினும் இவ்வேலைகளில் ஈடுபட்டிருந்த பெண்களும் முதியோரும் இழந்த சிறு வருமானமும், அவர்கள் பெற்ற ஓய்வும் எவ்வளவு என்பது எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. கூலி எழுதப்படாத வேலை மறைந்தபோது அதன் இழப்பும் எழுதப்படாமலே போயிற்று. புதிய பாவைப் பழைய பாவோடு பிணைக்கும் விரல்வேலை மட்டும், இழையின் நுண்மையாலும் அதன் எண்ணிக்கையாலும், கைத்தறி வீடுகளில் பெரிதும் மனிதரிடமே தங்கியது.

கைத்தறி என்பதன் எல்லை

வேலைகள் ஒவ்வொன்றாகக் கருவிக்குச் செல்லும்போது, எதுவரை ஒரு தறி கைத்தறியாகவே இருக்கும் என்ற வினா சட்டத்தின் முன் வந்தது. விசைத்தறியின் போட்டியிலிருந்து நெசவாளரைக் காக்க நாடாளுமன்றம் 1985இல் இயற்றிய கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், குறிப்பிட்ட துணிவகைகளைக் கைத்தறிக்கு மட்டுமே உரியவையாக அறிவிக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. விசைத்தறி அல்லாத எத்தறியும் கைத்தறி என அது வரையறுத்தது. தொடக்கத்தில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. நீதிமன்ற வழக்குகளால் நடைமுறை தள்ளிப்போய், 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றபின், ஒதுக்கீடு 11 வகைகளாகக் குறைக்கப்பட்டது. பட்டுச்சேலை அப்பட்டியலில் நீடித்தாலும், விசைத்தறியில் விரைந்து நெய்த சேலைகள் கைத்தறிப் பெயரில் விற்கப்படுவதாக நெசவாளர்கள் தொடர்ந்து முறையிட்டு வந்துள்ளனர்.

2013ஆம் ஆண்டளவில், நெசவின் வேலைகளுள் ஏதேனும் ஒன்று மனித ஆற்றலால் நடந்தாலும் அத்தறியைக் கைத்தறியாகக் கொள்ளலாம் என்னும் கருத்து 12ஆம் ஐந்தாண்டுத் திட்டத்தையொட்டிய ஆலோசனைகளில் முன்வைக்கப்பட்டபோது, நாடெங்கும் கைத்தறி அமைப்புகள் அதை எதிர்த்தன. சட்டத்தில் அவ்வரையறை இடம்பெறவில்லை. இருபுறத்து நியாயங்களும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. கொக்கிகள் நிறைந்த பெட்டியைக் காலால் நாள்முழுதும் தூக்கும் நெசவாளரின் இடுப்பும் முழங்காலும் படும் துன்பத்துக்கு மின்விசையால் தீர்வு உண்டு. ஆனால் ஒரேயொரு கையசைவை மட்டும் விட்டுவைத்த தறிக்குக் கைத்தறியின் பெயரும் காப்பும் கிடைத்தால், முழுவதும் கையால் நெய்பவர் அப்பெயரால் பெறும் விலையும் மறையும். எந்த அசைவைக் கருவிக்குத் தரலாம், எந்த அசைவில் துணியின் தனித்தன்மை தங்கியுள்ளது என்பதைத் தெளிவாகப் பிரித்துக் கூறவேண்டிய நிலை அப்போதுதான் வெளிப்படையாயிற்று. மூன்று அடிப்படை அசைவுகளுள் இழை தூக்குவதற்கு மட்டும் மோட்டாரோ காற்றழுத்தமோ துணைசெய்ய, நாடா வீசுவதும் அடித்து நெருக்குவதும் நெசவாளர் கையிலேயே இருக்கும் ஏற்பாடு, நடைமுறையில் பல நெசவூர்கள் கண்ட இடைவழியாகும்.

கணினி தறிக்கு வந்தது

துளையட்டையைத் தன் முன்னோடிகளுள் ஒன்றாகக் கொண்ட கணினி, சுமார் ஒன்றேமுக்கால் நூற்றாண்டுக்குப் பின் தறிக்கே திரும்பி வந்தது. 1983இல் மிலான் நகரப் பன்னாட்டு நெசவுக்கருவிக் கண்காட்சியில் போனஸ் என்னும் பிரித்தானிய நிறுவனம் அட்டையில்லாத மின்னணு ஜக்கார்டை முதன்முதலாகக் காட்சிப்படுத்தியது; அதில் கொக்கிகளை ஆள்வது மின்காந்தம், வடிவத்தைத் தாங்குவது கணினிக் கோப்பு. இந்தியக் கைத்தறியில் மாற்றம் முதலில் தறிக்கு வெளியே நிகழ்ந்தது: கட்டத்தாளில் பலநாள் வரைந்த வேலை கணினித் திரைக்கு மாறியது, அக்கோப்பைக் கொண்டே அட்டையில் துளையிடும் இயந்திரங்களும் வந்தன. பின்னர்த் தறியின் மேலேயே மின்னணுப் பெட்டிகள் ஏறின. நெசவாளருக்குத் தறியும் துணைக்கருவிகளும் வழங்க நடுவண் அரசு வகுத்த திட்டத்தில், விலையில் 90 விழுக்காட்டை அரசு ஏற்கும் ஏற்பாடு அமைந்தது. தமிழக அரசும் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாக மின்னணு ஜக்கார்டுக்கு உதவியது.

அட்டை வடிவத்தை வைத்திருந்த முதலாளி, அதை இன்னொரு தறிக்கு அனுப்ப வேண்டுமானால் வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான ஊடைகள் கொண்ட முந்தானை வடிவம் கோப்பாக மாறியபின் சிறு சேமிப்பானிலோ கைப்பேசியிலோ நொடியில் செல்கிறது. இதனால் ஆரணியில் தோன்றிய ஒரு புதிய கரை, சில நாள்களில் வேறு மாநிலத்து விசைத்தறியில் நெய்யப்பட்டு அதே சந்தைக்கு வருவது எளிதாயிற்று. அடைக்காலத்தில் வடிவத்தைக் காத்தது அதை நகலெடுப்பதன் அருமையே. அந்த அருமை நீங்கியபின், காப்பதற்குப் புவிசார் குறியீடு, 2004இல் நடுவண் பட்டு வாரியம் தொடங்கிய பட்டு முத்திரை, 2006இன் கைத்தறி முத்திரை, 2015இல் வந்த இந்தியக் கைத்தறி வணிகப் பெயர் முதலிய சட்டமும் சான்றும் தேவைப்பட்டன. தூய பட்டா என்பதையும் கைத்தறியா என்பதையும் வெவ்வேறு சான்றுகள் சொல்வதால், ஒன்றைக் கண்டு மற்றொன்றை வாங்குபவர் ஊகிக்கக் கூடாது.

கணக்கு ஏட்டின் மாற்றம்

தறியின் தானியக்கத்தைவிடச் சமூகப் பொருள் மிகுந்தது கணக்கு ஏட்டின் தானியக்கம். பட்டு முதலாளியின் நீள ஏட்டில், நெசவாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கமாக, நூல் எடையும் ஜரிகையும் கூலியும் முன்பணமும் கையால் எழுதப்பட்டு வந்தன. 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி, அதுவரை பெரும்பாலும் விற்பனை வரிக்கு வெளியே நின்ற துணி வணிகத்தை மாதந்தோறும் மின்னணு அறிக்கை அளிக்கும் முறைக்குள் கொண்டுவந்தது. 2018இல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் நகரும்போது மின்னணு வழிச்சீட்டு தேவை என்ற விதி சேர்ந்தது. கடைகளில் கணக்கு மென்பொருளும், ஒவ்வொரு சேலைக்கும் பட்டைக் குறியீடும், வங்கிவழிப் பணமாற்றமும் இத்தேவைகளையொட்டிப் பெருகின. விற்பனை ஏடு எழுதப்படும்போதே இருப்புக் குறைவதும் வரி கணக்கிடப்படுவதும் நினைவூட்டு அறிவிப்பு செல்வதும் ஒரே தொடராக நடப்பதையே இன்றைய வணிகம் பணியோட்டத் தானியக்கம் என்கிறது.

ஆனால் இத்தொடர் எல்லாக் கண்ணிகளையும் சமமாகத் தொடவில்லை. பட்டு வாங்கும் இடமும் சேலை விற்கும் இடமும் கணினிக்குள் வந்தன. நடுவே நெசவாளருக்கு நூல் எடைபோட்டுத் தரும் இடமும் கூலி கணக்கிடும் இடமும் பல இடங்களில் பழைய ஏட்டிலேயே நின்றன. வரி அதிகாரியும் வங்கியும் வாங்குவோரும் காணவேண்டிய பதிவுகள் ஒழுங்காயின. நெசவாளர் மட்டுமே காணவேண்டிய பதிவுக்கு அத்தகைய வற்புறுத்தல் இல்லை. கூட்டுறவுச் சங்கங்களில், உறுப்பினருக்குரிய கூலி வங்கிக் கணக்குக்கு நேரே செல்வதும், சேமிப்புநிதிப் பிடித்தமும் அரசின் பங்கும் பதிவாவதும், இவ்வேற்றத்தாழ்வைக் குறைத்த ஏற்பாடுகளாகும். 1935இல் சென்னை மாகாண நெசவாளர் கூட்டுறவு அமைப்பாகத் தொடங்கிய கோ-ஆப்டெக்சும் அதன்கீழ் இயங்கிய தொடக்கநிலைச் சங்கங்களும் நூலையும் சந்தையையும் கணக்கையும் நெசவாளர் பார்வைக்குள் கொண்டுவர முயன்றமை, கருவிகளைப் பரப்பியதைவிட நீடித்த பயனுடையது.

ஆதாயம் சென்ற இடம்

கருவியின் ஆதாயம் யாரைச் சேரும் என்பதை நூலும் வடிவமும் கணக்கும் யார் கையில் உள்ளன என்பதே முடிவுசெய்யும் என்ற கருத்துக்கு லியோனின் வரலாறே வலுவூட்டுகிறது. அந்நகரத்துப் பட்டு நெசவாளர் 1831இல் கிளர்ந்தெழுந்தபோது, ஜக்கார்டு தறி அங்குப் பெருமளவில் நிலைபெற்றுவிட்டது. அவர்கள் அத்தறியை உடைக்க எழவில்லை, தறி அவர்கள் வீட்டிலேயே இருந்தது. நூலையும் வடிவத்தையும் தந்து துணியை வாங்கிய வணிகர்கள், ஒப்புக்கொண்ட குறைந்தபட்சக் கூலிப் பட்டியலை ஏற்க மறுத்ததே அக்கிளர்ச்சியின் காரணம். தறி தொழிலாளியிடமும், மற்றவையெல்லாம் வணிகரிடமும் என்ற அதே பிரிவு ஆரணியிலும் உண்டு. கருவி எவ்வளவு முன்னேறினாலும், கூலியை நிர்ணயிக்கும் பேச்சு நடக்கும் இடம் மாறாதவரை அதன் ஆதாயம் பெரும்பாலும் கீழிறங்குவதில்லை என்பதற்கு இவ்விரு ஊர்களும் இரு நூற்றாண்டு இடைவெளியில் சான்று பகர்கின்றன.

வேகம் கூடியபோது ஒரு சேலைக்கான கூலி அதற்கேற்பக் குறையுமானால், கருவி மிச்சப்படுத்திய நேரம் நெசவாளருடையதாகாது. வடிவக் கோப்பு முதலாளியிடமோ வெளியூர் வடிவமைப்பாளரிடமோ மட்டும் இருக்குமானால், தறியில் அமர்ந்து ஒரு கரையைத் திருத்தியவரின் பங்கு எங்கும் பதியாது. கணக்கு மென்பொருளில் அவருக்கு ஒரு பக்கம் திறக்கப்படாதவரை, எடைக்குறையும் முன்பணமும் பற்றிய சொல் ஒருபக்கச் சொல்லாகவே நிற்கும். இம்மூன்றுக்கும் தீர்வு தொழில்நுட்பத்தில் அரிதன்று. நூல் எடையும் கூலியும் கைப்பேசியில் நெசவாளருக்கு அன்றன்றே தெரியும் பதிவு, சங்கத்தின் பெயரில் காக்கப்படும் வடிவத் தொகுப்பு, உடல் வருத்தத்தைக் குறைக்கும் கருவியால் கூலி குறையாது என்னும் ஒப்பந்தம் ஆகியவை, மின்னணுப் பெட்டியைவிட எளிய ஏற்பாடுகளே. பட்டறிவும் பொறுமையும் தலைமுறைகளாகச் சேர்ந்த ஒரு தொழிலில் இளைஞர் தங்குவதும் தங்காததும் இவற்றைப் பொறுத்தே அமையும். தறியைப் புதுப்பிக்கச் செலவிடும் அக்கறையில் ஒரு பகுதியேனும் கணக்கை நெசவாளருக்குத் திறந்துகாட்டுவதில் செலவிடப்பட வேண்டும் என்பதே ஆரணியின் வரலாறு இன்றைய கொள்கை வகுப்போர்க்கும் வணிகர்க்கும் சங்கங்களுக்கும் தரும் பாடமாகும்.